பாட்டியின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 42 கிலோ. கோடியக்கரையிலிருந்து பஸ் ஏறி வேதாரண்யம் வந்து, ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். மாலையில் கைக்கு வரும் லேப் சீட்டில் கிரியேட்டினின் 1.0 என்று இருக்கிறது. அருகில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவுக்குள் அது அடங்குகிறது. "கிட்னி நல்லா இருக்கு பாட்டி, பயப்படாதீங்க" என்று பேரன் சொல்கிறான். பாட்டி நான் கணக்குக்காக உருவாக்கிக்கொண்டவர். ஆனால் இப்படிப்பட்ட சீட்டுகள் நம் ஊர் வீடுகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

அந்த 1.0-ஐ அப்படியே நம்பக் கூடாது. காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்று உண்டு. 140-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வருவதை எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். பாட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 140-இல் 78 போனால் 62. அதை 42-ஆல் பெருக்கினால் 2604. 72-ஆல் வகுத்தால் 36. அதை 0.85-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 31. அதாவது பாட்டியின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்துதான் கழிவை நீக்குகிறது. அதே 1.0 அளவு கிரியேட்டினின் உள்ள முப்பது வயது, அறுபது கிலோ இளைஞனுக்கு இந்த எண் 92. சீட்டில் இருவருக்கும் ஒரே எண். வேலையில் பாட்டியின் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குதான்.

காரணம் எளிது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதாக ஆகத் தசை கரைகிறது, உற்பத்தி குறைகிறது. சிறுநீரகமும் வேகம் குறைந்து வெளியேற்றுவதைக் குறைக்கிறது. வரவும் செலவும் சேர்ந்து இறங்கும்போது இருப்பு மட்டும் மாறாமல் நிற்கிறது. மெட்ஃபார்மின், அட்டெனலால், டிகாக்சின், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் எல்லாம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. இளைஞனுக்குச் சரியாக இருக்கும் அளவு, பாட்டியின் உடலில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

சிறுநீரகம் மட்டுமல்ல. வயதான உடலில் தண்ணீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே போய்த் தங்கிவிடுகின்றன. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டையசிபாம் இதற்குக் கண்கூடான உதாரணம். இருபது வயதுக்காரர் உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 மணி நேரம்; எண்பது வயதில் 90 மணி நேரம் வரை ஆகலாம். திங்கட்கிழமை இரவு போட்ட மாத்திரையில் பாதி வெள்ளிக்கிழமை வரை உள்ளேயே இருக்கிறது. தினமும் ஒன்று போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி பகலெல்லாம் அசந்து கிடப்பதும், பேச்சு குழறுவதும், இரவில் கொல்லைப்பக்கம் போகும்போது தடுக்கி விழுவதும் வயசாகிவிட்டதால் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பல நேரங்களில் அது மாத்திரையின் வேலை.

தமிழ்நாடு வேகமாக மூப்படைகிறது. 2021-க்கான மதிப்பீட்டில் மாநில மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என்று கணிக்கிறார்கள். டெல்டாவின் தென்கோடி ஊர்களில் இதைக் கணக்குப் பார்க்காமலே உணரலாம். பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில். வீட்டில் இருப்பவர்கள் முதியவர்கள். வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் கோடியக்கரையில் இருந்து வேதாரண்யம் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரிய டாக்டரைப் பார்க்க நாகப்பட்டினமோ தஞ்சாவூரோ போக வேண்டும். அதனால் மருந்து பல வாசல்கள் வழியாக வீட்டுக்குள் வருகிறது.

பாட்டியின் மஞ்சள் பையைத் திண்ணையில் கொட்டினால் என்னென்ன விழும்? 'தமிழ்நாடு அரசு வழங்கல்' என்று அச்சிட்ட அட்டையில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கும். நாகப்பட்டினம் தனியார் டாக்டர் எழுதிய வேறு பெயர் போட்ட பளபளப்பான அட்டைகள் இருக்கும். முட்டிவலிக்கு மெடிக்கலில் காகிதக் கவரில் மடித்துக் கொடுத்த 'செட்டு' இருக்கும். அதில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி மாத்திரை, எதற்கும் பெயர் கிடையாது. எப்போதோ தொடங்கி நிறுத்தவே சொல்லாத கேஸ் மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எல்லாம் இருக்கும். அட்டையில் பெயர் ஆங்கிலத்தில். கத்தரித்துக் கொடுத்த துண்டில் பெயரே பாதிதான். பாட்டிக்கு நிறமும் அளவும்தான் அடையாளம்.

இந்தப் பையில் மிக எளிதாக நடக்கும் விபத்து, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது. அரசு அட்டையில் மெட்ஃபார்மின் என்று அதன் பொதுப்பெயர் இருக்கும். தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த கலவை என்பது பொடி எழுத்தில் இருக்கும். பாட்டி இரண்டையும் போடுகிறார், ஏனென்றால் இரண்டு டாக்டரும் போடச் சொன்னார்கள். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த பவுலா ரோச்சனும் அமெரிக்காவின் ஜெர்ரி கர்விட்ஸும் 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை விளக்கி எழுதினார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது. அந்த இரண்டாவது மருந்தின் விளைவுக்கு மூன்றாவது மருந்து எழுதுவது. மருந்துச் சங்கிலி என்று இதைச் சொல்லலாம். நம் ஊரில் இதற்கு இரண்டு உதாரணங்களைத் தினமும் பார்க்க முடியும்.

முதலாவது அம்லோடிபின். ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து, விலையும் குறைவு. சிலருக்கு அது கணுக்காலில் வீக்கம் தரும். ரத்தக் குழாய் விரிவதால் நீர் வெளியே கசிந்து தேங்குவதே காரணம். உடம்பில் நீர் கூடிவிடவில்லை. ஆனால் கால் வீங்கினால் 'உப்பு நீர்' என்று சொல்லி, சிறுநீர் பிரியும் மாத்திரை எழுதிவிடுகிறார்கள். வீக்கம் சரியாக வடிவதில்லை. பாட்டி ராத்திரியில் நான்கு முறை எழுந்து போகிறார். உடலில் சோடியமும் பொட்டாசியமும் இறங்குகின்றன. கெண்டைக்கால் இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது.

அந்தத் தலைசுற்றலில் இருந்து இரண்டாவது சங்கிலி தொடங்குகிறது. கிறுகிறுப்பு என்றாலே நம் ஊரில் சின்னரிசின் என்ற மாத்திரை வருகிறது. இரண்டு மூன்று நாளுக்குப் போட்டால் பெரிய தொல்லை இல்லை. முதியவர்கள் மாதக்கணக்கில் போடும்போது அது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. கை நடுங்கும், நடை குறுகும், முகம் அசையாமல் இறுகும். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். உடனே நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் எழுதப்படும். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், சிறுநீரை அடைக்கும், முதியவர்களின் நினைவைக் குழப்பும். பாட்டி பேரனின் பெயரை மாற்றிச் சொல்லத் தொடங்குவார். அடுத்து மறதி மாத்திரை. சங்கிலியின் முதல் கண்ணியைக் கழற்றியிருந்தால் பின்னால் வந்த எதுவும் தேவைப்பட்டிருக்காது. சின்னரிசினை நிறுத்திய சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், நடுக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே முதியவர் எவருக்காவது புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், வேறு காரணம் தெரியும் வரை அது மருந்தால் வந்ததாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதே நல்ல மருத்துவம்.

வேதாரண்யம் வட்டாரத்துக்கென்றே கூடுதலாக ஒரு ஆபத்து இருக்கிறது. அது உப்பளத்து வெயில். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்து ராஜாஜி உப்பெடுத்த மண் இது. இன்றும் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு அதிகம் விளைவது இங்கேதான். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பாத்திகளில் கோடை முழுக்க வேலை நடக்கும். மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒதுங்க நிழல் கிடையாது. அறுபதைத் தாண்டியவர்களும் வேலைக்குப் போகிறார்கள். வியர்வையில் உடல்நீர் வற்றுகிறது. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். மாலையில் இடுப்பும் முட்டியும் வலிக்கின்றன. மெடிக்கலில் ஒரு செட்டு, இல்லாவிட்டால் ஒரு வலி ஊசி. இரண்டிலும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாயும் வெளியே போக ஒரு குழாயும் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அழுத்தம்தான் வடிகட்ட வைக்கிறது. உடலில் நீர் குறைந்தால் உள்ளே வரும் குழாயை விரித்தும் வெளியே போகும் குழாயைச் சுருக்கியும் உடல் அந்த அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயை விரிய விடாது. எனாலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயைச் சுருங்க விடாது. சிறுநீர் பிரியும் மாத்திரை ரத்தத்தின் நீரையே குறைத்துவிடும். மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியில்லை. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து சாப்பிடும் ஏறத்தாழ 4.87 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் வாய்ப்பு 31 சதவீதம் கூடியிருந்தது; சேர்ந்த முதல் 30 நாட்களில் 82 சதவீதம் கூடியிருந்தது. அது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை வெயிலில் பாத்தியில் நிற்பவரின் நிலையை அந்த எண்ணோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பறவைகளைப் பார்க்கவே கோடியக்கரை வருகிறவர்களுக்கு டைக்ளோஃபெனாக் என்ற பெயர் வேறு வகையில் தெரிந்திருக்கும். மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட இந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2004-இல் காரணம் தெரிந்தது; 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கழுகின் உடல் வேறு, நம் உடல் வேறு. நமக்கு இது ஒரே ஊசியில் உயிரை எடுக்கும் நஞ்சு அல்ல. ஆனாலும் பாட்டியின் 31-ஐ மனத்தில் வைத்துக்கொண்டால், வாராவாரம் வலி ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முட்டிவலிக்குப் பாரசிட்டமாலை அளவோடு போடலாம், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யலாம், மேலே தடவும் மருந்தைப் பூசலாம். இவை வேலை செய்யக் கொஞ்சம் நாளாகும். சிறுநீரகம் மிஞ்சும்.

நோன்பையும் சொல்ல வேண்டும். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் ஒருபொழுது இருக்கும் பாட்டிகள், ரமலான் மாதம் முழுக்க நோன்பு வைக்கும் நாகூர்ப் பக்கத்துப் பெரியவர்கள், சாப்பாட்டை விடுவார்கள். சுகர் மாத்திரையை விட மாட்டார்கள், பக்தியோடு போட்டுவிடுவார்கள். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் மந்தமானவர்களுக்குக் கிளிபென்கிளமைடு உடலில் நீண்ட நேரம் தங்கும். சர்க்கரை இறங்கினால் இளையவருக்கு வியர்த்துக் கொட்டும், படபடக்கும். முதியவருக்கு அந்த எச்சரிக்கை வராமலே குழப்பம் மட்டும் வரலாம். அட்டெனலால் போடுபவருக்குப் படபடப்பு மறைந்துவிடும். நோன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோன்புக்கு முன்னால் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

முதியவர்களுக்கு எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று பட்டியல் போடும் முயற்சியை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கினார். முதியோர் இல்லங்களுக்காக எழுதிய அந்தப் பட்டியலை இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது. 2023-இல் ஒரு பதிப்பு வந்தது. அயர்லாந்தின் கார்க் நகரத்து மருத்துவர்கள் 2008-இல் இன்னொரு பட்டியல் கொண்டுவந்தார்கள். எதை நிறுத்துவது என்பதோடு, கொடுக்க வேண்டியும் கொடுக்காமல் விட்டது எது என்றும் அது கேட்கிறது. அதனால் எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். இரண்டையும் நாம் அப்படியே நகல் எடுத்தால் போதாது. அமெரிக்காவில் சின்னரிசின் விற்பனையிலேயே இல்லை. அங்கே எழுதிய பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. நம் பையில் என்ன விழுகிறதோ அதற்கு நாம்தான் பட்டியல் எழுத வேண்டும்.

அதை எழுதத் தகுதியானவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பிரிவை 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராசன். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறைக்கு மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. எல்லாம் நல்லது, எல்லாம் கோடியக்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது. முதியோருக்கான மருந்து மறுபார்வையை அங்கிருந்தே தொடங்கலாம்.

அதற்கு வேண்டிய கால்கள் ஏற்கெனவே ஊருக்குள் நடக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்ற திட்டம் இது, அதற்குத் தகுதியானதும்கூட. மாத்திரை இல்லாமல் பக்கவாதம் வந்து விழுந்தவர்களை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்தத் திட்டத்தில் இன்னும் ஒரே ஒரு வேலை சேர வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் "பாட்டி, உங்க பையைக் கொண்டாங்க, எல்லாத்தையும் பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். பார்த்ததை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரிடம் கொடுக்க வேண்டும். மருந்தாளுநர் இரட்டிப்பையும் மோதலையும் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். தேவைப்படாததை நிறுத்துவதும் சிகிச்சைதான் என்று துறை வெளிப்படையாக ஏற்க வேண்டும். முதியவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதை மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அடுத்த முறை பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். செட்டு, சூரணம், கண் சொட்டு மருந்து உட்படப் பையை அப்படியே கொண்டுபோய் மேசைமீது கொட்டுங்கள். இது எதற்கு, இன்னும் எத்தனை நாள், இதையும் அதையும் சேர்த்துப் போடலாமா என்று கேளுங்கள். நின்ற நிலையிலும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது இருந்ததைவிட மேல் அளவு 20 இறங்கினால் விழும் ஆபத்து உண்டு. எடையைச் சொல்லி, சிறுநீரகத்தின் உண்மையான அளவு என்ன என்று கேளுங்கள். மருந்துப் பெயர்களை ஃபோட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் செல்பேசியிலும் வைத்திருங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய வட்டாரம் இது, அப்படி ஒரு நாளில் காகிதச் சீட்டை நம்ப முடியாது. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையையும் அட்டெனலாலையும் நாள்பட்ட ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மாரடைப்பு, மயக்கம் வரை போகலாம்; அவற்றை மருத்துவர் சொல்லும் கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.